கோடையிற் குழவி காப்பு

தமிழிலுள்ள பிரபந்த வகைகளுள் பிள்ளைத்தமிழ் என்பது ஒன்று. பாட்டுடைத் தலைவரைக் குழவியாகப் பாவித்து, அக்குழவியின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பகுத்துப் பாடுதல் அதன் மரபு. அப்பத்தனுள் முதலாவது காப்புப் பருவம். செங்கீரை ஆடுதலும், சப்பாணி கொட்டுதலும், முத்தந் தருதலும், அம்புலியை அழைத்தலும் எல்லாம் அதன் பின்னரே வருவன. மழலையையும் விளையாட்டையும் கண்டு மகிழுமுன், மகவைக் காத்தல் வேண்டும் என்னும் உலகியலுண்மை இவ்வைப்பு முறையானும் விளங்குகின்றதன்றோ?

காக்கவேண்டிய இடர்கள் பலவற்றுள், நம் நாட்டிற் பெரும்பாலோர் இடரென்றே எண்ணாத ஒன்றுளது. அது கோடை வெப்பம். பங்குனியில் தொடங்கிச் சித்திரை வைகாசிகளில் முதிரும் வெப்பம், அக்கினி நட்சத்திரம் என்று வழங்கும் மே மாத நாட்களிற் கடுமை மிகுவது யாவரும் அறிந்ததே. வேலூர், திருச்சிராப்பள்ளி, மதுரை, பாளையங்கோட்டை முதலிய ஊர்களில் வெப்பமானி 40 டிகிரி சென்டிகிரேடைக் கடத்தல் புதிதன்று. கடற்கரையிலமைந்த சென்னை நகரிலும் 2003-ஆம் ஆண்டு மே மாத இறுதியில் 45 டிகிரி காணப்பட்டது. ஆண்டுதோறும் வருவதொன்றை மக்கள் அஞ்சுவதில்லை. "கோடையென்றாற் சுடத்தானே செய்யும்" என்று கூறி அமைவர். வளர்ந்தோர்க்கு அம்மொழி ஒருவாறு பொருந்தும். தொட்டிற் குழவிக்குப் பொருந்தாது.

கல்லூரி மாணவர்க்கு இதனாற் பயன் என்னை எனின், கூறுவாம். கோடை விடுமுறையில் மாணவர் தம் இல்லஞ் செல்வர். தலைப்பிள்ளைப் பேற்றிற்குத் தாய்வீடு வந்த தமக்கையோ, கைக்குழந்தையுடன் விருந்து வந்த அத்தையோ அவ்வில்லத்தில் இருத்தல் இயல்பு. மாமனாகவும், சிற்றப்பனாகவும், சித்தியாகவும் அக்குழவியை ஏந்தும் கைகள் இவர்களுடையனவே. ஆசிரியரும் பழைய மாணவரும் பலர் பெற்றோர். சிலர் பாட்டன் பாட்டியர். ஆதலின் இஃது எல்லார்க்கும் உரிய பொருளே.

ஈண்டு நாம் வற்புறுத்தப் புகுந்த கருத்து ஒன்றே. நிழல் தருதல் வேறு, மூடுதல் வேறு. அன்பு மிகுதியாற் குழவியை நாம் மூடுகின்றோம். மூடிய இடத்தில் வெப்பம் அடைபடுகின்றது. வெட்டவெளி வெயிலைப் போன்றே, சில வேளைகளில் அதனினும் மிகுதியாக, அடைபட்ட வெப்பம் குழவிக்குப் பகையாகின்றது. இதன் காரணத்தை முதற்கண் ஆராய்வோம்.

உடற்சூடு நீங்கும் வாயில்கள்

மனிதவுடல் ஓயாது எரியும் அடுப்பை ஒத்தது. உண்ட உணவு உள்ளே மெல்ல எரிந்து வெப்பத்தைப் பிறப்பித்துக்கொண்டே யிருக்கும். அவ்வெப்பம் வெளியேறாது தங்குமாயின், சில மணி நேரத்துள் உடல் நிலைகுலையும். ஆதலின் தன் சூட்டை ஏறத்தாழ 37 டிகிரி சென்டிகிரேடு, அஃதாவது 98.6 டிகிரி பாரன்ஹீட் அளவில் நிறுத்தற்பொருட்டு, உடல் நான்கு வாயில்களால் வெப்பத்தை வெளிவிடுகின்றது. குளிர்ந்த தரையிற் படுத்தாற் சூடு தரைக்குச் செல்லுதல் கடத்தல். காற்று மேனியைத் தடவிச் சூட்டைக் கவர்ந்து செல்லுதல் சலனம். தொடுதலும் காற்றும் இன்றியே சூடான பொருளினின்று குளிர்ந்த பொருளுக்கு வெப்பம் பாய்தல் கதிர்வீச்சு. வியர்வை உலர்ந்து ஆவியாகுங்கால் உடற்சூட்டைக் கொண்டு செல்லுதல் நான்காவது வாயில்.

மேனியின் மேற்பரப்பு ஏறத்தாழ 35 டிகிரி வெப்பமுடையது. சுற்றியுள்ள காற்றும் சுவரும் அதனினுஞ் சூடாய்விடின், முதல் மூன்று வாயில்களும் தம் தொழிலை மாற்றிக்கொள்ளும். வெப்பத்தை வெளிவிடுதற்கு மாறாக உள்ளே புகவிடும். அந்நிலையில் எஞ்சுவது வியர்வை ஒன்றே. ஒரு கிராம் நீர் மேனியினின்று ஆவியாகுங்கால் ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தைக் கவர்ந்து செல்லும் என்பது பௌதிக நூல் பயின்றோர் அறிந்தது. ஆனால் வியர்வை வழிந்து சொட்டுவதால் உடல் குளிர்வதில்லை, உலர்வதாலேயே குளிரும். காற்றில் ஈரம் மிக்கிருப்பின் அது எளிதில் உலராது. நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் வெப்பமானி குறைவாகக் காட்டினும் புழுக்கம் தாங்கொணாததாயிருத்தற்குக் காரணம் இதுவே.

இனி, ஒரு குழவியைத் துணியாற் போர்த்து, காற்றோட்டமில்லா அறையில் இட்டால் நிகழ்வதென்ன? போர்வைக்குட் காற்று அசையாது. ஆதலின் சலனம் நின்றது. குழவியின் மூச்சும் வியர்வையும் அங்கே ஈரத்தை நிரப்பும். ஆதலின் ஆவியாதலும் தடைப்பட்டது. நான்கு வாயில்களையும் அன்புக் கையே அடைத்துவிட்டதாகின்றது.

குழவியுடல் சிறுத்த பெரியோருடல் அன்று

குழந்தையைச் சிறிய மனிதன் என்று கருதுவோர் பலர். அளவில் மட்டுமன்றி இயல்பிலும் அது வேறுபட்டது. மூன்று கிலோகிராம் எடையுள்ள சிசுவின் மேற்பரப்பு ஏறத்தாழ 0.2 சதுர மீட்டர். அறுபது கிலோகிராம் எடையுள்ள மனிதனின் மேற்பரப்பு ஏறத்தாழ 1.7 சதுர மீட்டர். எடைக்குத் தக வகுத்துப் பார்ப்பின், சிசுவின் ஒவ்வொரு கிலோகிராமும் பெரியோரைப்போல் இருமடங்கிற்கு மேற்பட்ட பரப்பால் வெளியுலகைத் தொட்டு நிற்கின்றது என்பது புலனாகும். சிறு பாத்திரத்து நீர் விரைவிற் கொதித்து விரைவில் ஆறுவது போல, சிறு மேனியும் விரைவிற் சூடேறும், விரைவிற் குளிரும். குளிர்காலத்தில் நம் முதியோர் குழவியைப் போர்த்திப் பேணியது இக்காரணத்தால் முற்றும் தக்கதே. குளிரில் அவ்வுடலை நடுக்கும் பரப்பே கோடையில் அதனைச் சுடுகின்றது. காலம் மாறியவிடத்துக் கைப்பழக்கமும் மாறுதல் வேண்டும்.

மேலும், குழவியின் வியர்வைச் சுரப்பிகள் பெரியோருடையன போல் முழு ஆற்றலோடு தொழிற்படுவதில்லை. பிறந்த சிசுவின் எடையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நீரே. அந்நீர் சிறிது குறையினும் அதன் குருதியோட்டம் தளர்வுறும். சிறுநீரகமும் நீரைச் சேமிக்கும் திறத்தில் இன்னும் முதிராதது.

இவற்றினும் பெரிது வேறொன்றுண்டு. புழுங்கினால் நாம் வாய்விட்டுச் சொல்வோம், விசிறியை எடுப்போம், நீர் பருகுவோம், நிழலை நாடுவோம். இந்நான்கனுள் ஒன்றையேனும் இயற்றவல்லதன்று மூன்று திங்கட் குழவி. அது அறிந்த மொழி அழுகை ஒன்றே. வெப்பம் மிக மிக அவ்வழுகையும் ஓய்ந்துபோம். அவ்வோய்வைத் தூக்கமென்று மயங்கி, "பிள்ளை நன்றாய் உறங்குகின்றது, எழுப்பாதே" என்று கூறுதலே பேரிடருக்கு வாயிலாகின்றது.

நிழலும் மூடலும்

நம் இல்லங்களில் வெப்பம் அடைபடும் இடங்கள் சிலவற்றை எண்ணிப் பார்ப்போம்.

முதலாவது தூளி. பழஞ்சேலையாற் கட்டிய தூளி மென்மையானது. குழவிக்கு உறக்கந் தருவது. ஆயினும் துணி இருபுறமும் மடிந்து மேலே கூடுமாயின், குழவி ஒரு பைக்குள் இட்டாற் போலாகும். ஈ, கொசுவிற்கு அஞ்சி அதன்மேல் மற்றொரு துணியையும் போர்த்துதல் பல வீடுகளில் வழக்கம். கடுங்கோடையின் நண்பகலில் தூளியை விடுத்து, காற்றோடும் இடத்திற் பாய்மேல் மெல்லிய பருத்தித் துணி விரித்துக் கிடத்தி, அருகில் ஒருவர் இருத்தல் நன்று. கொசுவைத் தடுக்கத் துணிக்கு மாறாகக் கண்ணறையுள்ள வலையைப் பயன்படுத்துக. ரப்பர் விரிப்பின் மேல் நேரே கிடத்தாது, இடையே பருத்தித் துணி இடுக. தள்ளுவண்டியில் குழவியை இட்டு வெளியே செல்வோர், வெயிலை மறைக்க அதன் வாயை முழுதும் துணியால் மூடுவதும் இத்தகைய பிழையே. மூடாது, குடை பிடித்தலே முறை.

இரண்டாவது பேறுகால அறை. காற்றுப் பட்டாற் சன்னி கண்டுவிடும் என்றஞ்சி, பலகணிகளை அடைத்து, தாயையும் சேயையும் இருண்ட அறையில் வைத்தல் பழைய வழக்கு. தாய்க்கு நீர் குறைத்துக் கொடுக்கும் பத்தியமும் சிலவிடங்களில் உண்டு. வருவோர் போவோரிடமிருந்து தொற்று அணுகாமற் காப்பதற்கு இத்தனிமை ஒருவாறு உதவியிருக்கலாம்; அந்நோக்கம் போற்றத்தக்கதே. ஆனால் சித்திரை மாதத்து அடைத்த அறை இருவர் உயிர்க்கும் இடர். பலகணியைத் திறந்துவைத்தலால் தீங்கில்லை. தாய் வேண்டிய மட்டும் நீர் பருகுதல் இன்றியமையாதது. நீராட்டியபின் சாம்பிராணிப் புகை காட்டும் வழக்கையும் கோடையில் விடுதல் நலம். புகை குழவியின் மெல்லிய மூச்சுக்குழலுக்கு எக்காலத்தும் ஆகாது.

மூன்றாவது மேல்தளத்து அறை. பனையோலையும் தென்னங்கீற்றும் வேய்ந்த பழைய கூரைகள் வெப்பத்தை எளிதில் உள்விடா. இக்காலத்துக் கான்கிரீட் தளமோ பகலெல்லாம் வெயிலைக் குடித்து இரவெல்லாம் உமிழ்வது. தகரக் கூரையும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் நண்பகலில் அடுப்பின் மூடியை ஒக்கும். மாடிவீடுகளிற் குழவியைக் கோடைக்குக் கீழ்த்தளத்துக்குக் கொணர்க. அதற்கு இடமில்லாதார் தளத்தின்மேல் வெண்சுண்ணாம்பு பூசுதலும், கீற்றுப் பரப்புதலும், மேற்குப் பலகணிக்கு வெளிப்புறத்தே தட்டி கட்டுதலும் செய்யலாம். வெட்டிவேர்த் தட்டியில் நீர் தெளித்தல் வேலூர், மதுரை போன்ற உள்நாட்டு ஊர்களில் மிகப் பயன் தரும். காற்றே ஈரமாயுள்ள கடலோரத்தில் அத்துணைப் பயன் தராது.

மின்விசிறியைப் பற்றியும் ஒரு சொல். காற்று ஓரளவு வெப்பமாயிருக்கும்வரை விசிறி உதவும். நாற்பது டிகிரிக்கு மேல் வெறும் விசிறி உலைக்காற்றையே வீசும். அந்நிலையில் ஈரத்துணியால் மேனியை ஒற்றியபின் விசிறுதலே குளிர்ச்சி தருவது. குளிர்சாதனம் உள்ள இல்லங்களில் 25, 26 டிகிரி அளவில் வைத்து, குளிர்காற்று நேரே மேனியில் வீசாதவாறு பார்த்துக்கொண்டாற் போதும்.

ஒரு மருத்துவமனை தரும் பாடம்

இடமாற்றம் ஒன்றே உயிர் காக்கும் என்பதற்குச் சான்றொன்று கூறுவோம். குஜராத்திலுள்ள அகமதாபாத் நகரில் 2010-ஆம் ஆண்டு மே மாதத்தில் வெப்பம் 46.8 டிகிரியை எட்டியது. அம்மாதத்தில் அந்நகரில் வழக்கத்தினும் 1,300-க்கு மேற்பட்டோர் மிகுதியாக இறந்தனர் எனப் பின்னர்க் கணக்கிட்டறிந்தனர். குளிர்சாதன வசதியில்லாத அந்நகரத்து மருத்துவமனை ஒன்றில், அவ்வாண்டு ஏப்ரல், மே, ஜூன் ஆகிய மூன்று மாதங்களில், வெப்பத்தாலேயே நோயுற்றுத் தீவிர சிகிச்சைப் பிரிவிற் சேர்க்கப்பட்ட பச்சிளஞ் சிசுக்கள் 24. முந்தைய 2009-ஆம் ஆண்டின் அதே மாதங்களில் அத்தொகை 8. வெப்பம் 42 டிகிரியைக் கடந்தபின், ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் இத்தகைய சேர்க்கை நூற்றுக்கு 43 வீதம் மிகுந்ததென மருத்துவர் ஆராய்ந்து கண்டனர்.

அம்மருத்துவமனையில் மகப்பேற்றுப் பிரிவு மேல்தளத்தில் இருந்தது. 2010-ஆம் ஆண்டின் வெப்பத்திற்குப் பின் அதனைக் கீழ்த்தளத்திற்கு மாற்றினர். 2011-ஆம் ஆண்டின் அதே மூன்று மாதங்களில் வெப்பத்தால் சேர்க்கப்பட்ட சிசுக்கள் நால்வரே. அவ்வாண்டில் வெப்பம் குறைந்திருந்ததைக் கணக்கிற் கழித்துப் பார்த்தவிடத்தும், இடமாற்றத்தின் நன்மை தனித்து விளங்கிற்று. புதிய மருந்தில்லை, பெரும்பொருட் செலவில்லை, சில கட்டில்கள் படியிறங்கின. அச்சிசுக்கள் வெயிலிற் கிடந்தன அல்ல என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். அவை தாயருகே, செவிலியர் கண்முன், கூரையின் நிழலிற் கிடந்தவையே. அடைபட்ட வெப்பத்தின் கொடுமைக்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமோ?

அந்நகரம் 2013-ஆம் ஆண்டில் வெப்ப எச்சரிக்கைத் திட்டம் ஒன்றை வகுத்தது. தெற்காசியாவில் ஒரு நகரம் வகுத்த முதல் திட்டம் அதுவே. பின்னர்ப் பல ஊர்கள் அதனைப் பின்பற்றின.

பூட்டிய மோட்டார் வண்டி

அடைபட்ட வெப்பத்தின் மிகக் கொடிய வடிவம் நிறுத்திவைத்த மோட்டார் வண்டியே. கண்ணாடி வழியே வெயிலொளி உட்புகுந்து இருக்கைகளைச் சூடாக்கும். அவற்றினின்று எழும் வெப்பம் வெளியேற வழியின்றி உள்ளே தங்கும். 2005-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சி ஒன்று, வெளிவெப்பம் 22 டிகிரியே இருந்த நாளிலும் ஒரு மணி நேரத்தில் வண்டியின் உள்ளே 47 டிகிரி எட்டியதைக் காட்டிற்று. அவ்வேற்றத்தில் நூற்றுக்கு 80 பங்கு முதல் அரைமணிக்குள்ளேயே நிகழ்ந்தது. கண்ணாடியைச் சிறிது இறக்கி வைத்தலாற் குறிப்பிடத்தக்க பயன் இல்லையென்றும் கண்டனர். மார்கழி மாதத்துக் காலைப்பொழுதை ஒத்த வெப்பத்திலேயே இந்நிலையாயின், நம் சித்திரை நண்பகலைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ?

அமெரிக்க நாட்டில் ஆண்டுதோறும் சராசரி 35-க்கு மேற்பட்ட குழந்தைகள் இவ்வாறு மாண்டு போகின்றனர். அவர்களுட் பலர் அன்பில்லாப் பெற்றோரின் மக்கள் அல்லர். பின்னிருக்கையில் குழவி உறங்கிவிட, அலுவற் கவலையால் நினைவு பிறழ்ந்து இறங்கிச் சென்றோரின் மக்களே பெரும்பாலார். வேறு சிலர் விளையாட்டாக வண்டிக்குள் ஏறிக் கதவைத் திறக்க அறியாது சிக்குண்டவர். நம் நாட்டிலும் வீட்டிற்கொரு வண்டி பெருகிவரும் இக்காலத்தில் இரண்டு விதிகளைக் கைக்கொள்ளுதல் வேண்டும். "ஒரு நிமிடந்தானே" என்று குழந்தையை வண்டியில் விட்டுக் கடைக்குட் செல்லலாகாது. வீட்டு முற்றத்தில் நிற்கும் வண்டியை எப்போதும் பூட்டி, திறவுகோலைப் பிள்ளைகளின் கைக்கெட்டா இடத்தில் வைத்தல் வேண்டும். குழந்தையைக் காணவில்லையெனின் கிணற்றங்கரையோடு வண்டியையும் உடனே பார்த்தல் வேண்டும்.

உணவும் நீரும்

"கோடையிற் குழவிக்கு நா வறளுமே, இரண்டு கரண்டி தண்ணீர் கொடு" என்று கூறாத பாட்டியார் இல்லை. அன்பினாற் கூறுவது, ஆயினும் ஆறு திங்கள் நிறையாத குழவிக்கு ஏற்றதன்று. தாய்ப்பாலில் நூற்றுக்கு 80 பங்கிற்கு மேல் நீரே உளது. பாலூட்டத் தொடங்கும்போது வருவது நீர்த்தும், பின்னர் வருவது கொழுத்தும் இருக்கும். கடுங்கோடையிலும் முதல் ஆறு திங்களுக்குத் தாய்ப்பாலே நீரும் உணவுமாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் தெளிந்த முடிபு. வெறுநீர் சிறு வயிற்றை நிரப்பிப் பாலுண்ணும் விருப்பைக் குறைக்கும். தூய்மையற்றதாயின் பேதியை விளைக்கும். மிகுதியாகப் புகட்டினாற் குருதியின் உப்பளவைக் குறைத்து வலிப்பையும் உண்டாக்கும். ஆதலிற் செய்யத்தக்கது அடிக்கடி பாலூட்டுதலும், ஊட்டுந் தாய்க்கு நீரும் மோரும் நிறைய அளித்தலுமே. சர்க்கரைநீர், தேன் முதலியன நாவில் தடவுதல் வேண்டா. ஓராண்டு நிறையாத குழவிக்குத் தேன் தீங்கு பயப்பது.

ஆறு திங்கட்குமேல் உணவோடு கொதித்தாறிய நீரைச் சிறிது சிறிதாகத் தரலாம். ஓராண்டு கடந்த குழந்தைக்கு இளநீர், நீர்மோர், விதை நீக்கிய தர்ப்பூசணி, நன்கு மசித்த நுங்கு ஆகியன இயற்கை நமக்கு அளித்த கோடை விருந்து. விளையாட்டில் மூழ்கிய பிள்ளை தாகத்தை அறியாது; ஆகவே கேட்குமுன் கொடுத்தல் வேண்டும். 2019-ஆம் ஆண்டிற் கேரளப் பள்ளிகள் சிலவற்றில், பிள்ளைகள் நீர் பருகுதற்கென்றே நாளில் சில முறை தனி மணியடிக்கும் வழக்கம் தொடங்கியது. அங்கன்வாடிகளும், நம் வீடுகளுந்தாமும் மேற்கொள்ளத்தக்க நல்வழக்கம் அது.

கோடையில் உணவு விரைவிற் கெடும், பேதி மிகும், பேதியால் நீரிழந்த குழந்தையை வெப்பம் இருமடங்கு தாக்கும். அப்போது ஓ.ஆர்.எஸ். என வழங்கும் உப்புச்சர்க்கரைப் பொடியை, உறையிற் கண்ட அளவின்படி தூயநீரிற் கரைத்து, ஒவ்வொரு பேதிக்குப் பின்னும் இரண்டு வயதிற்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லிலிட்டர் வரை சிறு கரண்டியால் ஊட்டுக. கைக்குழவியாயின் தாய்ப்பாலை நிறுத்தாது, மருத்துவரையும் விரைவில் நாடுக.

உடை, நீராட்டு, விளையாட்டு

கோடையுடை தளர்ந்ததாயும், மெல்லியதாயும், வெளிறிய நிறத்ததாயும், பருத்தியாலாயதாயும் இருத்தல் வேண்டும். பெயர் சூட்டுவிழா, திருமுழுக்கு, திருமணம் முதலிய நாட்களிற் பட்டும் சரிகையும் பூட்டி, கையுறை காலுறை குல்லாய் அணிவித்து, கூட்டத்தினிடையே கைமாற்றுதல் குழவிக்குத் துன்பமே. படம் எடுத்தவுடன் அவ்வுடையைக் களைந்துவிடுக. குழவி புழுங்குகின்றதா என்றறியக் கையையும் காலையும் தொடுதல் போதாது. பிடரியையும் மார்பையும் தொட்டுப் பார்த்தல் வேண்டும். அவை சுட்டாலும், வியர்வையால் நனைந்திருந்தாலும் ஓராடை குறைக்க.

வேர்க்குருவிற்கு முகப்பவுடரை அப்புதல் பெருவழக்கு. அது வியர்வையோடு குழைந்து துளைகளை அடைக்கும். அதன் தூள் மூச்சிற் புகுந்து இருமலையும் இளைப்பையும் தரும். வெதுவெதுப்பான நீரில் நீராட்டி, மடிப்புக்களை ஈரமின்றித் துடைத்து, காற்றுப்படவிடுதலே மருந்து. எண்ணெய் பூசி வெயிலிற் கிடத்துதலும் வேண்டா. பிறந்த குழவிக்கு மஞ்சட்காமாலை காணின் வெயில் காட்டுதல் சிகிச்சையாகாது; மருத்துவரிடம் கொண்டு செல்லுதலே தக்கது.

ஆறு திங்கள் நிறையாத குழவியை நேர்வெயிலிற் கொண்டு செல்லாமையே சிறந்த காப்பு. சன்ஸ்கிரீன் என்னும் வெயிற்பூச்சு அவ்வயதிற்கு உரியதன்று. வளர்ந்த பிள்ளைகள் பகல் பதினொரு மணி முதல் மூன்றரை மணிவரை நிழலில் விளையாடுக. பூங்காவிலுள்ள உலோகச் சறுக்குமரமும், தார்ச்சாலையும், கோயில் முற்றத்துக் கருங்கல்லும் பிஞ்சுத் தோலை நொடியிற் கொப்புளிக்கச் செய்வன. நாம் செருப்பணிந்து நிற்குமிடத்தில் பிள்ளையின் வெறுங்கால் நிற்கின்றதா என்று குனிந்து நோக்குக. பிள்ளையை நிற்கவிடுமுன் நம் புறங்கையைச் சிறிது நேரம் அங்கே வைத்துப் பார்த்தல் எளிய சோதனை.

ஆபத்தின் குறிகளும் முதலுதவியும்

வெப்பத் தாக்கின் முதற்குறிகள் இவை: சிறுநீர் குறைந்து நிறம் மஞ்சளித்தல், வாய் உலர்தல், கண்ணீரின்றி அழுதல், உச்சிக்குழி உள்வாங்குதல், பால் குடிக்க மறுத்தல், காரணமின்றிச் சிணுங்குதல் அல்லது வழக்கத்தினும் சோர்ந்து கிடத்தல். இந்நிலையில் குளிர்ந்த இடத்திற்குக் கொணர்ந்து, ஆடை களைந்து, பாலூட்டி, ஈரத்துணியால் ஒற்றினால் பெரும்பாலும் தெளியும். விரைவில் தெளியாவிடின் மருத்துவரை நாடுக.

உடற்சூடு 40 டிகிரி, அஃதாவது 104 டிகிரி பாரன்ஹீட் எட்டி, குழந்தை மயங்குதலோ, எழுப்பினும் விழியாமையோ, வலிப்போ, மூச்சிரைப்போ காணின் அதுவே வெப்பப் பக்கவாதம் என்னும் பேராபத்து. இதனைச் சாதாரணக் காய்ச்சலென்று கருதலாகாது. காய்ச்சலில் உடல் தானே தன் சூட்டின் அளவை உயர்த்திக்கொள்ளுகின்றது. அதனைப் பாரசிட்டமால் தணிக்கும். வெப்பத் தாக்கிலோ உடல் வெளிச்சூட்டிற்குத் தோற்றுவிட்டது. அங்கே அம்மருந்து பயன்படாது. குளிர்வித்தலே மருந்து. உடனே 108 என்னும் எண்ணிற்கு அழைத்துவிட்டு, வண்டி வருமளவும் வாளாவிராது, ஆடை முழுதுங் களைந்து, மேனியெங்கும் குளிர்ந்த நீரால் நனைத்து விசிறுக. கழுத்திலும் அக்குளிலும் தொடைச் சந்திலும் ஈரத்துணி வைக்க. பனிக்கட்டியை நேரே மேனியில் வைக்கலாகாது. மயங்கிய குழந்தையின் வாயில் நீரோ பாலோ ஊற்றின் மூச்சுக்குழலிற் புகுந்துவிடும். ஆதலின் ஒன்றும் புகட்டற்க. செல்லும் வழியிலும் நனைத்தலையும் விசிறுதலையும் நிறுத்தற்க. மூன்று திங்கட்குட்பட்ட சிசுவிற்கு 38 டிகிரிச் சூடு காணினும், காரணம் யாதாயினும், காலந் தாழ்க்காது மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும்.

முடிவுரை

மேற்கூறியவற்றுட் பெரும்பாலானவை பொருள் வேண்டுவன அல்ல. பலகணியைத் திறத்தல், போர்வையை நீக்குதல், மேல்தளத்தினின்று கீழிறக்குதல், வண்டியின் பின்னிருக்கையைத் திரும்பிப் பார்த்தல், பிடரியைத் தொட்டறிதல் ஆகிய இவை வறியோர் குடிசையிலும் செல்வர் மாளிகையிலும் ஒப்பச் செய்யத்தக்கன. வேண்டுவது அறிவும், அவ்வறிவை வீட்டுப் பெரியோர் மனங்கோணாமல் எடுத்துரைக்கும் பணிவுமே. "பாட்டி, உங்கள் வழக்கம் பிழை" என்று கூறுதலினும், "பாட்டி, குழந்தையின் பிடரி நனைந்திருக்கின்றது, பாருங்கள்" என்று காட்டுதல் பயன் மிகத் தரும். பத்துப் பிள்ளைகளை வளர்த்த கை அதனைத் தொட்டவுடனே தானே போர்வையை நீக்கிவிடும்.

மாணவ நண்பர்களே! கல்லூரியிற் கற்ற வெப்பவியல், தேர்வுத்தாளோடு முடிந்துவிடுதற்குரியதன்று. கடத்தலும் சலனமும் கதிர்வீச்சும் ஆவியாதலும் உங்கள் இல்லத்துத் தூளியருகே ஒவ்வொரு நண்பகலும் நடைபெறுகின்றன. தன் துயரைச் சொல்லவும் அறியாத சிறியோர்பொருட்டுச் செய்யும் தொண்டு, அவர்களை ஈந்த இறைவனுக்கே செய்யும் தொண்டாகும். வருங்கோடையில் உங்கள் கண்படும் குழவி எதுவாயினும், அதற்கு நிழலை மிகுத்துக் கொடுங்கள். காற்றை மறவாது கொடுங்கள். மூடுதலை மட்டும் ஒழியுங்கள்.